விதைக்கு எந்தக் கொடியில் வெள்ளரி விடுவது?

கேள்வி: திருவையாறு பக்கம் எங்கள் ஊர். சம்பா அறுத்த பிறகு ஒரு மா (ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு) நிலத்தில் தைப் பட்டத்தில் வெள்ளரி போடுகிறேன். முதலில் கடையில் பாக்கெட் விதை வாங்கினேன். போன வருடம் பறிப்பு முடிந்து கொடியில் தங்கிப் பழுத்த காய்களில் விதை எடுத்து இந்த வருடம் போட்டேன். பாதிக் காய் கோணல், சில காய் வாயில் வைக்க முடியாத கசப்பு. பக்கத்து வயலில் வெள்ளரிப்பழக் கொடி இருந்ததால் கலந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் மண்ணுக்குப் பொருந்துகிற சொந்த விதையை நானே உருவாக்க முடியுமா?

பதில்: முடியும். மூன்று நான்கு பட்டம் பொறுமையாக இருந்தால் நல்ல விதை கையில் இருக்கும்.

முதலில் பக்கத்து வயல்காரர் மேல் உள்ள சந்தேகத்தை விட்டுவிடுங்கள். மாசி, பங்குனியில் வெடித்துப் பிளந்து, மாவு மாவாக, நாட்டுச் சர்க்கரை போட்டுத் தின்கிறோமே அந்த வெள்ளரிப்பழம், பெயரில்தான் வெள்ளரி. அது முலாம்பழத்தின் இனம். அதற்குக் குரோமோசோம் 24, நம் பிஞ்சு வெள்ளரிக்கு 14. இரண்டும் அடுத்தடுத்த வரப்பில் இருந்தாலும் கலக்காது. வெள்ளரிப்பழமும் முலாம்பழமும்தான் ஒன்றோடொன்று கலக்கும். இன்னொன்று, எந்தப் பூவின் மகரந்தம் வந்தாலும் இந்த வருடக் காயின் சதை தாய்க்கொடியுடையதுதான். கலப்பு நடந்திருந்தால் அதன் விளைவு அடுத்த வருடம், அந்த விதையைப் போடும்போதுதான் தெரியும்.

அப்படியானால் உங்கள் காய் ஏன் இப்படி ஆனது? நெல்லுக்கு விதை எடுத்துப் பழகிய கையோடு வெள்ளரிக்கும் எடுத்திருக்கிறீர்கள். நம் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் நடப்பதுதான். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் 2 கிலோ விதைநெல் கொடுத்து அடுத்த வருடம் 4 கிலோவாகத் திரும்ப வாங்கி, பாரம்பரிய ரகங்களை அத்தனை பேர் கையில் பரப்ப முடிந்தது. வெள்ளரி அப்படியில்லை. ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மகரந்தம் போக தேனீ வேண்டும். தேனீ உங்கள் வரப்போடு நிற்காது. சான்று பெற்ற விதைக்கு 500 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். மா கணக்கில் நிலம் வைத்திருக்கிற டெல்டாவில் அதற்கு எங்கே போவது!

பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். 'எஃப் 1' அல்லது 'ஹைபிரிட்' என்று இருந்தால், அது இரண்டு ரகங்களைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறைக் கலப்பு விதை; கலக்காமல் எடுத்த விதைகூட அடுத்த தலைமுறையில் பல விதமாகப் பிரியும். கோணலும் கசப்பும் அதனாலும் வந்திருக்கலாம், தண்ணீர்க் குறைவாலும் வந்திருக்கலாம். கோணல் காய் பல நேரம் மகரந்தம் சரியாகச் சேராததன் அடையாளம். வெள்ளரிக் கொடிக்குள் குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் இயல்பாகவே உண்டு. வெயிலில் வேர் காய்ந்தால் அது காம்புப் பக்கமும் தோலடியிலும் ஏறும். ஆனால் ஒரே பாத்தியில், ஒரே தண்ணீரில் ஒரு கொடி கசந்து அடுத்த கொடி கசக்காமல் இருந்தால், அந்தக் கசப்பு பிறவிக் குணம். அதை விதையிலிருந்து ஒதுக்க முடியும்.

அதனால் இப்போதிருக்கும் விதையோடு, சுற்று வட்டாரத்தில் இரண்டு மூன்று வீடுகளில் பல வருடமாக வைத்திருக்கும் நாட்டு விதையும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் கலந்து போடுங்கள். தேர்ந்தெடுக்க வேண்டுமானால் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்க வேண்டும். எல்லாக் கொடியும் ஒரே மாதிரி இருக்கிற விதையை எத்தனை வருடம் எடுத்தாலும் அது உங்கள் மண்ணுக்கென்று பெரிதாக மாறாது.

இப்போது முக்கியமான விஷயம். பறிப்பு முடிந்து மிச்சம் கிடந்த காயை விதைக்கு எடுத்தேன் என்றீர்கள். இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். கடைசிக் காய் என்பது தாமதமாகக் காய்த்த கொடியின் காய், இலைக்குள் ஒளிந்து கண்ணுக்குத் தப்பிய காய், அல்லது நோவு தாக்கி நின்றுபோன கொடியின் காய். அதையே வருடா வருடம் எடுத்தால் தாமதத்தையும் நோவையும் நாமே பொறுக்கி வளர்க்கிறோம். நல்ல கொடியின் இரண்டாவது அல்லது மூன்றாவது காயை விதைக்கு விடுங்கள். அந்தப் பிஞ்சுக்கு விலை கிடைக்குமே என்று மனசு அடித்துக்கொள்ளும். கொடிக்கு ஒரு காய்தானே, விட்டுவிடுங்கள்.

நல்ல கொடி எது? மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்படும். அதன் பிறகு உங்கள் வெள்ளரி போரையும் (ஆழ்துளைக் கிணறு) மண்ணில் இருக்கிற ஈரத்தையும் நம்பித்தான் நிற்கிறது. ஆகவே மாசிக் கடைசியில் ஒரு நாள், தண்ணீர் விட இரண்டு நாள் தள்ளிப்போன நேரமாகப் பார்த்து, பிற்பகல் 3 மணிக்கு வயலில் இறங்குங்கள். பெரும்பாலான கொடி இலையைத் தொங்கப் போட்டிருக்கும். இலையை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் சில கொடிகள் இருக்கும். அவற்றில் ஒரு சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டுங்கள். அப்புறம் சீக்கிரம் பெண் பூ வைத்த கொடி, அடிச்சாம்பல் நோயின் மஞ்சள் திட்டு கடைசியாக வந்த கொடி, இவற்றையும் கவனியுங்கள். கட்டிய கொடி ஒவ்வொன்றிலும் முதல் பிஞ்சைக் காம்புப் பக்கம் கடித்துப் பாருங்கள். கசந்தால் துணியை அவிழ்த்துவிடுங்கள். குறைந்தது 10 கொடியாவது தேறட்டும். ஒரே கொடியிலிருந்து மொத்த விதையையும் எடுத்தால் வகை சுருங்கிவிடும். இலை சுருங்கித் தேமல் விழுந்த கொடியைக் கண்டவுடன் பிடுங்கிவிடுங்கள். சில வைரஸ்கள் விதை வழியாகவும் போகும்.

கலப்பைத் தடுக்க உங்கள் அளவு நிலத்தில் நடக்கிற வழி கையால் மகரந்தம் சேர்ப்பது. பெண் பூவின் பின்னால் விரல் நகம் அளவுக்குக் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். மறுநாள் விரியப் போகிற மொட்டின் நுனி முந்தின நாள் மாலையே மஞ்சள் காட்டும். துணி கட்டிய கொடிகளில் அப்படி ஆண் மொட்டும் பெண் மொட்டும் பார்த்து, நுனியைப் பஞ்சு நூலால் லேசாகக் கட்டிவிடுங்கள். மறுநாள் காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள், ஒரு கொடியின் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளை வேறொரு துணி கட்டிய கொடியின் பெண் பூ நடுவில் மெல்லத் தடவுங்கள். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ என்றால் நல்லது. உடனே பெண் பூவைத் திரும்பக் கட்டி, காம்பில் ஒரு நூல் அடையாளம் போடுங்கள். பத்தில் நான்கைந்து பிடித்தாலே போதும். பழ ஈ துளைக்காமல் அந்தப் பிஞ்சுக்கு ஒரு துணிப்பை மாட்டி, பெரிதானதும் அடியில் வைக்கோல் வையுங்கள். ஈர மண்ணில் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கிற காய் சும்மா இருந்தால் அழுகிவிடும்.

தின்கிற பருவத்துக் காயில் விதை முற்றியிருக்காது. பூ பிடித்து 35, 40 நாளில் காய் பருத்து, மஞ்சளோ செம்பழுப்போ ஆகி, காம்பு வாடும். அப்போது பறித்து, வீட்டுத் திண்ணை நிழலில் பத்து நாள் வையுங்கள். உள்ளே விதை இன்னும் திரளும்.

பிறகு நீளவாக்கில் பிளந்து, விதையை வழவழப்போடு சேர்த்து மண்சட்டியில் வழித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் புளிக்க விட வேண்டும். விதையைச் சுற்றியுள்ள அந்த ஜவ்வுதான் அது முளைக்காமல் தடுப்பது. புளித்தால் கரைந்துவிடும். எத்தனை நாள் என்பதில் நான் ஒருமுறை நன்றாகவே தவறினேன். மூன்று நாள் என்று எங்கோ குளிர்ப் பகுதிக்காரர்களுக்குச் சொன்னதை நம்பி, சித்திரை வெயிலில் சமையலறை மூலையில் மூன்று நாள் வைத்துவிட்டேன். திறந்து பார்த்தால் பாதி விதையின் மூக்கில் வெள்ளையாக முளை. ஒரு பட்டத்து உழைப்பு அப்படியே போயிற்று. நம் வெயிலுக்கு ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். மேலே மெல்லிய வெண்படலம் கட்டி, விதை கையில் வழுக்காமல் சொரசொரப்பாக ஆனால் சரி, கழுவிவிடலாம். மிதக்கிற விதை சாவி, உள்ளே பருப்பு இருக்காது. அடியில் தங்கியது மட்டும் போதும்.

காலை வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு நிழலில் ஐந்தாறு நாள் முறத்தில் பரப்பிக் காய விடுங்கள். தார்ப்பாயிலும் தகரத்திலும் காய வைக்காதீர்கள், சூடு ஏறி உயிர் போய்விடும். விதையை மடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. பிறகு சாம்பல் கலந்து கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூடியில் ரகம், மாதம், வருடம் எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வீடுகளில் உப்பே கசியும். அந்தக் காற்று பாட்டிலுக்குள் போகாமல் மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

ஆடியில் போடுகிற வெள்ளரிக்கும் இதே விதையை எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம். ஆனால் தைப் பட்டத்து வறட்சியைத் தாங்கியதென்று நாம் பொறுக்கிய விதை மழை ஈரத்தையும் தாங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தப் பட்டத்துக்குத் தனிப் பாட்டில் வையுங்கள்.

மார்கழிக் கடைசியில் 20 விதையை ஈரத் துணியில் சுருட்டி வைத்துப் பாருங்கள். ஐந்து நாளில் 16, 17 முளைத்தால் தைரியமாகப் போடலாம். அப்போதும் பாட்டிலில் இருப்பதில் பாதியை மட்டும் போடுங்கள். கஜா மாதிரி ஒரு புயலோ, போர் வற்றிய ஒரு கோடையோ வந்தாலும் அடுத்த தைக்கு மீதிப் பாதி வீட்டில் இருக்கும்.