உயிரினப் பரவல் வரைபடம்: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஓர் உயிரினத்தைப் பார்த்த இடங்களை வைத்து, அது வேறெங்கெல்லாம் வாழக்கூடும் என்று கணிக்கும் வரைபடங்கள் பற்றி வந்த கேள்விகள் இவை. இந்த வரைபடங்களில் சிவப்பு என்றால் வாழ ஏற்ற இடம், வெள்ளை என்றால் ஏற்காத இடம்.

கும்பகோணம்: நீர்நாய்க்கு மேக்ஸென்ட் என்ற கணிப்பு மென்பொருளில் வரைபடம் போட்டேன். கணிப்புத் திறனைச் சொல்லும் ஏ.யூ.சி. மதிப்பெண் 1-க்கு 0.96. கொள்ளிடம் நெடுகச் சிவப்பு. நம்பலாமா?

0.96-ஐ ஓரமாக வையுங்கள். நீர்நாய் பார்த்த புள்ளிகளைச் சாலை வரைபடத்தின் மேல் போட்டுப் பாருங்கள். பாலம், கதவணை, கரைச்சாலை என்றுதான் பெரும்பாலும் விழுந்திருக்கும். கேமராவோடு ஆள் நிற்கிற இடங்கள். மேக்ஸென்ட்டுக்குப் ‘பார்த்தேன்’ மட்டும்தான் தெரியும். ‘போனேன், இல்லை’ தெரியாது. ஒப்பிடுவதற்கு எடுக்கும் பின்னணிப் புள்ளிகளை வட்டாரம் முழுக்கத் தூவவிட்டால், நீர்நாயை விட்டுவிட்டு ஆள் நடமாட்டத்தைக் கற்றுக்கொள்ளும். அதனால் பின்னணியையும் ஆட்கள் பதிவு செய்த இடங்களிலிருந்தே எடுங்கள். சோதனைக்குத் தரவைக் குலுக்கிப் பிரிக்க வேண்டாம். கொள்ளிடப் பதிவுகளில் மேக்ஸென்ட்டைப் பழக்கி, வெண்ணாற்றுப் பதிவுகளில் சோதியுங்கள். மதிப்பெண்ணை அப்புறம் பேசலாம்.

இன்னொன்று. அருகிவரும் இனமென்றால் ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளம் உண்மையான இடத்தைக் காட்டாது, 0.2 டிகிரி கட்டத்துக்குள், அதாவது ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்குள், எங்காவது புள்ளி வைக்கும். அதை நம்பி வாய்க்கால் வாய்க்காலாக ஆராய்வது வீண் வேலை. மறைப்பது நியாயம்தான், நீங்களும் வளை இருக்கும் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள்.

மன்னார்குடி: வேர்ல்ட்கிளிம் என்ற தரவுத்தளத்தின் 19 காலநிலை அடுக்குகள் போதுமா?

டெல்டாவுக்குப் போதாது. கல்லணையிலிருந்து கடல் வரை தரை தட்டை. வெப்பநிலை பெரிதாக மாறாது. இங்கே தண்ணீர் வைத்ததுதான் சட்டம். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். மூடியபின் வாய்க்கால் காய்ந்து, மடுக்களில்தான் தண்ணீர் நிற்கும். கோடைக்கும் சம்பாவுக்கும் தனித்தனி வரைபடம் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்தால் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படம் உதவும்.

வேதாரண்யம்: வெளிமானுக்குத் தஞ்சாவூர் வரை சிவப்பு வருகிறதே?

சிவப்பு என்றால் ஏற்ற சூழல், அவ்வளவுதான். கோடியக்கரைப் புல்வெளியிலிருந்து மான் அங்கே போய்ச்சேர வழி இருக்கிறதா?

சீர்காழி: எனக்கு 0.94. சரியா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஒரத்தநாடு: நான் விவசாயி. மயில் தினமும் நாற்றங்காலை நாசம் பண்ணுகிறது. உங்கள் ஆட்கள் போட்ட படத்தில் எங்கள் ஊர் வெள்ளை. என்ன சார் இது?

இதைத்தான் மேலே கத்திக்கொண்டிருக்கிறேன். பறவை பார்ப்பவர்கள் வடுவூர் ஏரிக்குப் போவார்கள். உங்கள் வயலுக்கு யார் வருகிறார்கள்?

மன்னார்குடி: ஈபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில், கண்டறிந்த பறவை அனைத்தையும் எழுதிய முழுப் பட்டியல்கள் இருக்கின்றனவே? பட்டியலில் வராதது ‘இல்லை’தானே?

பட்டியல் போட்ட இடத்துக்கு மட்டும். அங்கேயும் ஒருமுறை போய்க் காணாததை ‘இல்லை’ என்று எழுத முடியாது. ஒரே பருவத்தில் ஒரே இடத்துக்குப் பலமுறை போனால், கண்ணில் படும் வாய்ப்பைத் தனியே கணக்கிடலாம். 2002-ல் மெக்கென்சி என்ற ஆய்வாளரின் குழுவினர் கொடுத்த முறை அதற்குத்தான்.

ஒரத்தநாடு: நான் தினமும்தான் வயலுக்குப் போகிறேன்.

அப்படியானால் உங்களைவிட நல்ல பதிவாளர் எங்களுக்குக் கிடையாது. மயில் வராத நாளையும் எழுதுங்கள். அகவல் மட்டும் கேட்டால் ‘கேட்டது’ என்றே குறியுங்கள்.

ஒரத்தநாடு: எழுதினால் நஷ்டஈடு வருமா?

அது வனத்துறையைக் கேட்க வேண்டியது. நோட்டை மட்டும் இன்றைக்கே போடுங்கள்.