ஃபைலை மகளிடம் கொடுங்கள்

அன்புள்ள அண்ணா,

என் மகளுக்கு 5 வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. அதில் ஏ.எல்.எல். என்ற வகை என்றார்கள். இரண்டரை வருஷம் சிகிச்சை. இப்போது 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். ரத்தத்தில் கிருமி இருந்தது, சரியாகிவிட்டது என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். இந்த வருஷம் செக்கப்புக்கு வரமாட்டேன் என்கிறாள். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்கிறாள். கணக்கில் ரொம்பத் திணறுகிறாள், அதற்கு எங்களிடம் திட்டும் வாங்குகிறாள். நாளைக்குக் கல்யாணம் என்று வரும்போது தடையாகிவிடும் என்று அவள் அப்பா பழைய ஃபைலை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எல்லாவற்றையும் மறந்து நிம்மதியாக இருக்கும் பிள்ளையிடம் இப்போது போய்ச் சொல்லத்தான் வேண்டுமா? அப்போது என் அம்மா வீட்டில் விட்டிருந்த மூத்தவனுக்கும் எதுவும் தெரியாது. என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லத்தான் வேண்டும். செக்கப்புக்கு முன்பே சொல்லுங்கள்.

அவள் மறந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். முடி கொட்டியதும், முதுகில் ஊசி போடக் கையையும் காலையும் பிடித்துக்கொண்டதும் 5 வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு லேசில் மறக்காது. நோயின் பெயரைத்தான் நீங்கள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி போர்டைப் படிக்கத் தெரிந்த பெண், அதையும் கண்டுபிடித்திருக்கலாம். அம்மா அழுவாள் என்று உங்களிடம் காட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். வீட்டில் யாரும் வாய் திறக்காத விஷயத்தைப் பிள்ளைகள் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளைப் பற்றித் தேடிப் படித்து வருகிறேன். மருத்துவ வசதி நன்றாக உள்ள நாடுகளில் இன்று ஏ.எல்.எல். வந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். சிகிச்சை முடிந்து 5 வருஷம் தாண்டிவிட்டால் நோய் திரும்புவது மிகவும் அரிது. உங்கள் மகள் 8 வருஷத்தைத் தாண்டிவிட்டாள். இதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். பெரிய சந்தோஷமான செய்தி இது, அவள் காதில் விழவே இல்லை.

பிறகு எதற்குச் செக்கப்? அவளைக் காப்பாற்றிய மருந்துகளுக்காக. சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து ஏற்றியதும், சிறுநீர்கூட சிவப்பாகப் போனதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். டானோரூபிசின், டாக்ஸோரூபிசின் எல்லாம் அந்த வகை. மொத்தம் ஏறிய அளவு கூடக்கூட இதயத் தசை பலவீனமாகும் வாய்ப்பும் கூடும். அது பத்து, இருபது வருஷம் கழித்தும் தலைகாட்டலாம். ஆரம்பத்தில் உடம்பில் ஒன்றும் தெரியாது, எக்கோ என்ற இதய ஸ்கேனில்தான் தெரியும். கர்ப்ப காலத்தில் இதயத்துக்கு வேலை கூடும் என்பதால் பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு உங்கள் மகள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பாள். "முன்னாடி பெரிய வியாதி ஏதாவது வந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டால், "ரத்தத்துல கிருமி" என்று சொல்ல விடலாமா? அந்த ஃபைல் அவளுடையது. தயவுசெய்து அவள் அப்பாவிடம் இதைப் பேசுங்கள்.

அந்த ஃபைலிலிருந்து என்ன நோய், எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்களா, இனி எந்தப் பரிசோதனை எப்போது என்று இரண்டு பக்கத்தில் சுருக்கி எழுதித்தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். செக்கப்பில் அவளைத் தனியாகப் பத்து நிமிஷம் டாக்டரிடம் பேச விடுங்கள். உங்கள் எதிரில் கேட்க முடியாத கேள்விகள் இருக்கும், மாதவிடாய், குழந்தை பெறுவது, செத்துப்போவது பற்றியெல்லாம்.

கணக்கு விஷயம் எனக்கு மனசு கேட்கவில்லை. முதுகில் போடும் மெத்தோட்ரெக்சேட் ஊசியும், தலைக்குக் கொடுக்கும் கதிர்வீச்சும் சில பிள்ளைகளின் கவனத்தையும், வேகமாக யோசிக்கும் திறனையும் பாதிக்கின்றன. அது பல நேரம் கணக்கில்தான் முதலில் தெரியவரும். உங்கள் மகளுக்கு அப்படித்தானா என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும், அதற்கு உளவியல் நிபுணர்கள் இருக்கிறார்கள். அதுவரை திட்டுவதை நிறுத்துங்கள். அவள் சோம்பேறி இல்லை.

இதே பாதையில் வந்த அக்கா அண்ணன்களை அவள் சந்தித்தால் இன்னும் நல்லது. மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடித்த பிள்ளைகளுக்கென்றே 1991-ல் தனி கிளினிக் தொடங்கினார்கள். இப்படி மீண்டு வளர்ந்தவர்கள் 2009-ல் இந்தியன் கேன்சர் சொசைட்டியின் ஆதரவில் 'உகம்' என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். உங்கள் ஆஸ்பத்திரியிலும் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று சமூகப் பணியாளரிடம் விசாரியுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் 25 வயதுப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பேசினால், நீங்களும் நானும் பேசுவதைவிட அது நன்றாகப் போய்ச் சேரும்.

கல்யாணத்தைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டாம். ஏ.எல்.எல்.-லிருந்து மீண்ட பெண்களில் பெரும்பாலோருக்குக் குழந்தை பிறக்கிறது. பரம்பரையாக வரும் சில வகைகளைத் தவிர, தாய்க்கு வந்ததால் பிள்ளைக்குப் புற்றுநோய் அபாயம் கூடுவதில்லை என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும். மறைத்து நடக்கும் கல்யாணத்தில், அது வெளியே வரும் நாளில் தனியாக மாட்டிக்கொள்வது அவள்தான்.

மூத்தவனைக் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். தங்கச்சிக்காக அம்மா அப்பா தன்னை விட்டுவிட்டுப் போனார்கள் என்றுதான் அவனுக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. அவனிடம் சொல்லலாமா என்று முதலில் மகளைக் கேளுங்கள். அவள் சரி என்றதும், அவனைத் தனியாக உட்காரவைத்து அந்த இரண்டரை வருஷம் என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்லுங்கள். அவன் கோபப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்