பெயர்ப் பாணி மாற்றம்: கேள்வி பதில்

கேள்வி: நிரலில் வரும் பெயர்களில், கேமல் கேஸை (சொற்களை ஒட்டி, புதுச் சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் பாணி) ஸ்னேக் கேஸாக்க (சொற்களை அண்டர்ஸ்கோரால் சேர்க்கும் பாணி), ஒவ்வொரு பெரிய எழுத்துக்கு முன்னும் அண்டர்ஸ்கோர் போட்டால் போதாதா?

பதில்: சுருக்கப் பெயர் வரும்வரை போதும். ஹெச்டிடிபி நான்கும் பெரிய எழுத்தில் இருந்தால் அது நான்கு துண்டாகச் சிதறிவிடும். ரெகெக்ஸில் (எழுத்து வரிசைகளைத் தேடும் குறிமுறை) இரண்டு விதி எழுதுங்கள். பெரிய எழுத்துகள் வரிசையாக வந்து அடுத்து சின்ன எழுத்து வந்தால், கடைசிப் பெரிய எழுத்துக்கு முன் வெட்டுங்கள். அப்புறம், சின்ன எழுத்தோ எண்ணோ முடிந்து பெரிய எழுத்து தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். சொற்கள் பிரிந்துவிட்டால், எந்தப் பாணியில் சேர்ப்பதும் ஒரு வரி வேலைதான். மூலப் பெயரை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்னேக்கிலிருந்து திரும்பினால் பழைய பெயரே கிடைக்குமா?

பதில்: நம்ப முடியாது. 'ஐடி' இரண்டும் பெரிய எழுத்தில் இருந்தால், திரும்பி வரும்போது 'ஐ' மட்டும்தான் பெரிதாக இருக்கும். அதனால்தான் மூலத்தை வைத்திருக்கச் சொன்னேன்.

கேள்வி: சுருக்கப் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருப்பதுதானே முறை? கோ நிரல்மொழியில் அப்படித்தானே?

பதில்: கோ அப்படித்தான் சொல்கிறது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் வழிகாட்டி, மூன்று எழுத்தோ அதற்கு மேலோ இருந்தால் முதல் எழுத்து மட்டும் பெரிது என்கிறது. எனக்கு டாட்நெட் வழிதான் சரி.

கேள்வி: ஏற்க முடியாது. முழுவதும் பெரிதாக இருந்தால்தான் கண்ணுக்குச் சட்டென்று தெரியும்.

பதில்: ஒன்று தனியாக நிற்கும்போது சரி. எக்ஸ்எம்எல், ஹெச்டிடிபி இரண்டையும் முழுப் பெரிய எழுத்தில் ஒட்டி எழுதுங்கள்; எங்கே வெட்டுவது என்று எந்த ரெகெக்ஸும் சொல்லாது. உலாவிகளில் உள்ள எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி‌ரிக்வெஸ்டைப் பாருங்கள்: எக்ஸ்எம்எல் முழுப் பெரிது, ஹெச்டிடிபியில் முதல் எழுத்து மட்டும் பெரிது. ஒரே பெயருக்குள் இரண்டு முறை! எதை வேண்டுமானாலும் எடுங்கள், திட்டம் முழுக்க ஒன்றையே வையுங்கள்.

கேள்வி: கெபாப் கேஸில் (சொற்களை ஹைஃபனால் சேர்க்கும் பாணி) வேரியபிள் பெயர் வைக்கலாமா?

பதில்: பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் ஹைஃபனைக் கழித்தல் குறியாகப் படிக்கும். லிஸ்ப் மொழியில் வைக்கலாம்.

கேள்வி: எங்கள் ஜாவா நிரல் துருக்கிய மொழி அமைப்புள்ள கணினியில் மட்டும் உடைகிறது.

பதில்: அங்கே பெரிய 'ஐ' சின்னதாகும்போது புள்ளியில்லாத வேறொரு எழுத்தாகிவிடும். எழுத்து மாற்றும்போது எந்த மொழி அமைப்பையும் சாராத லோக்கேல் ரூட்டைக் கொடுங்கள்.

கேள்வி: மாற்றிய பெயரை மறுபடி பழையபடி கொண்டுவர முடியுமா?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள். மூலத்தை வையுங்கள்.

கேள்வி: தமிழ்ப் பெயர்களுக்கு?

பதில்: தமிழில் பெரிய, சின்ன எழுத்து இல்லை, ஸ்னேக்தான் வழி. ஆனால் பைத்தானில் ரெகெக்ஸுக்கான ரீ மாட்யூலில், சொல்லெழுத்துக் குறியான பின்சாய்வு டபிள்யூவை நம்பிப் பிரிக்காதீர்கள். உயிர்க்குறியையும் புள்ளியையும் அது எழுத்தாக எண்ணாது. 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று உடையும். இடைவெளி, ஹைஃபன், அண்டர்ஸ்கோர் என்று பிரிக்கும் குறிகளை நீங்களே எழுதிக் கொடுங்கள்.