கேளுங்கள், சொல்கிறேன்

ஐயா, ஆங்கில வார்த்தையைத் தப்பாக உச்சரித்து நீங்கள் மாட்டிக்கொண்டது உண்டா?
- வாசகி, கும்பகோணம்

எதிரில் இருந்தவர் சரியாக உச்சரித்ததால் மாட்டிக்கொண்டது உண்டு. மகள் கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலில் சம்பந்திக்கு ரூம் போடப் போயிருந்தேன். வரவேற்பில் இருந்த பெண், "ஸ்வீட் போட்டுடலாமா சார்?" என்றது.

"வேணாம்மா, எனக்குச் சுகர்."

அந்தப் பெண் ஒரு நொடி விழித்தது. "தங்கப்போறது சம்பந்திதானே சார்?"

"அவருக்கும் சுகர்தான்."

அப்புறம்தான் கட்டணப் பட்டியலைத் திருப்பிக் காட்டியது. பெரிய அறைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்! ஆயுசு முழுக்க நான் அதைச் 'சூட்' என்றே படித்து வந்திருக்கிறேன். பிரெஞ்சிலிருந்து வந்த சொல். எழுதும்போது கோட்டு சூட்டில் வரும் அதே சூட்தான், கடைசியில் மட்டும் ஒரு 'ஈ' கூடுதல். ஸ்வீட் என்றால் ஈ வரத்தானே செய்யும்!

'ஃபேன்' என்பதைப் 'பேன்' என்று சொல்பவர்களைத் திருத்த வேண்டாமா?
- வாசகர், விருதுநகர்

விட்டுவிடுங்கள். அந்த ஒலிக்குத் தமிழில் தனி எழுத்து கிடையாது. ஆய்தத்தைப் பகரத்துக்கு முன்னால் வைத்துச் சமாளிக்கிறோம். வாய்க்கு அந்த மூன்று புள்ளி தெரியுமா என்ன? 'காப்பி' கூட அப்படி வந்ததுதான்.

ஒரு மே மாதம் எங்கள் வீட்டு ஃபேன் நின்றுபோனது. எலெக்ட்ரீஷியன் பையன் வாசலில் நின்று, "பாட்டி, பேன் பார்க்க வந்திருக்கேன்" என்றான். திண்ணையில் என் அம்மா. காது நன்றாகவே கேட்கும்.

"எங்க வீட்டுல யாருக்கும் பேன் கிடையாது, போடா."

"இல்ல பாட்டி, உள் ரூம்ல ஒண்ணு இருக்காமே. சுத்தவே மாட்டேங்குதாம்."

அம்மா பனையோலை விசிறியோடு எழுந்துவிட்டாள். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தேன். பையன் ஸ்டூல் போட்டு ஏறி, கண்டென்சரை மாற்றினான், ஃபேன் சுற்றியது. அதற்கப்புறம் அவன் எப்போது வந்தாலும் அம்மாவே உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்: "பேன் பார்க்கிற பையன் வந்திருக்கான்!"

குடிக்கிற காப்பியையும் நகல் காப்பியையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?
- வாசகி, மதுரை

அதற்குத்தான் 'ஜெராக்ஸ்' என்ற சொல் இருக்கிறதே. ஆபீஸில் புதுப் பையனிடம் "ரெண்டு காப்பி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். டம்ளரோடு வந்து நிற்பான். ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள்.