குறைந்த விலை வீடுகளை ஊர்க்காரர்களே சேர்ந்து கட்ட முடியுமா? பணத்துக்கு என்ன வழி?

முடியும். ஆனால் நிலம் யார் பெயரில் இருக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு சிறிய வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சில ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். முதல் வருடம் முழுக்க நாங்கள் பேசியது படுக்கையறை எத்தனை, ஜன்னல் எந்தப் பக்கம் என்றுதான். நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது அதன் விலை எங்கள் கைக்கு எட்டாமல் போயிருந்தது.

சிமெண்டிலும் செங்கல்லிலும் சிக்கனம் பிடிக்கலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். பணத்தை விழுங்குவது நிலமும் வட்டியும். 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால், தவணைகளைக் கூட்டிப் பார்த்தால் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு கட்டியிருப்போம். 4 சதவீதமானால் ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் குறைவு. எந்தக் கொத்தனாராலும் இவ்வளவு மிச்சம் பிடித்துத் தர முடியாது.

வியன்னா மாநகராட்சி 1923-ல் வீட்டு வரி ஒன்றைப் போட்டது. ஆடம்பர வீடுகளுக்கு அதிகம், சின்ன வீடுகளுக்குக் குறைவு. கடனுக்குப் போகாமல் பெரும்பாலும் வரிப்பணத்திலேயே 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். வட்டிச் சுமை இல்லாததால் வாடகை பராமரிப்புச் செலவை ஈடுகட்டினால் போதும் என்றாகிவிட்டது. சரி, வரி போடும் அதிகாரம் ஊர்ச் சங்கத்துக்கு ஏது?

உருகுவேயில் 1968 வீட்டுச் சட்டத்துக்குப் பிறகு பரவிய கூட்டுறவுகள் பலவற்றில் உறுப்பினர்கள் தங்கள் உழைப்பையே பங்காகப் போடுகிறார்கள். குடும்பத்துக்கு வாரம் 21 மணி நேரம் என்பது வழக்கம். கட்டுமானப் பணம் அரசுக் கடன். வீடு சங்கத்தின் சொத்து, குடியிருப்பவருக்கு அதில் வாழும் உரிமை. தாய்லாந்தில் 2003-ல் தொடங்கிய பான் மன்கோங் திட்டத்தில், குடிசைப் பகுதி மக்கள் முதலில் சேமிப்புக் குழு அமைக்க வேண்டும். கடனும் தனி ஆளுக்கல்ல, குழுவுக்கு. ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் சமாளிக்க வேண்டும். இதில் வரும் சண்டைகளை நான் பார்த்திருக்கிறேன், லேசானவை அல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது நில அறக்கட்டளை முறை. அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் 1984-ல் நகராட்சி கொடுத்த 2 லட்சம் டாலர் தொடக்க நிதியோடு ஒன்று உருவானது. நிலம் அறக்கட்டளைக்கே சொந்தம், வீட்டுக்காரருக்கு அது நீண்ட காலக் குத்தகைக்குத்தான் கிடைக்கும். வீட்டை மட்டும் வாங்கலாம். விற்கும்போது, போட்ட பணத்தோடு விலை ஏற்றத்தில் கால் பங்குதான் உங்களுக்கு. "கால் பங்குதானா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. முழுவதையும் கொடுத்துவிட்டால் மானியமெல்லாம் முதலில் வாங்கியவர் பைக்குப் போய்விடும், அடுத்த குடும்பம் சந்தை விலைதான் கொடுக்க வேண்டும். அதனால் எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. எங்களிடம் ஒரு வங்கி, "சங்கமாக வேண்டாம், தனித்தனியாக வாருங்கள், தருகிறோம்" என்றது. கடன் திரும்பாவிட்டால் எதை விற்பது என்பதுதான் அவர்கள் பயம். அறக்கட்டளை முறையிலும் இதே கேள்வி வரும். தவணை நின்றால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் விற்கும்போது முதலில் அறக்கட்டளையிடம்தான் கேட்க வேண்டும் என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதி வைத்தால் பேச்சு நகரும்.

கடனைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் நகராட்சி நிலத்தை நீண்ட குத்தகைக்குக் கேளுங்கள், அப்புறம் உறுப்பினர் பங்குத்தொகை, மானியம், இவற்றுக்குப் பிறகும் குறைவதற்கு மட்டும் கடன். மாதத் தொகையில் பராமரிப்புக்கென்று ஒரு பகுதியை முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். நாங்கள் அதை 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று தள்ளிக்கொண்டே போனோம். கூரை ஒழுகியபோது தனியாக வசூலுக்குப் போனதும் நான்தான்.