செருப்பு கழன்றதே தெரியவில்லையா?

அண்ணாச்சி, நாலு பக்கக் கடிதத்தில் நீங்கள் கேட்க வந்தது ஒன்றுதான்: வாதம் வந்து படுத்துவிடுவேனோ? கல்லிடைக்குறிச்சி ஆற்றில் கண்ணை மூடி முங்கி எழும்போது தள்ளாடுகிறது, ராத்திரி கரண்ட் போனால் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை, ஆறு மாதமாக இப்படித்தான் என்கிறீர்கள். பக்கவாதம் ஆறு மாதம் தவணை முறையில் வராது. பேச்சுக் குழறல், வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் விழுவது, நேற்றுவரை நடந்தவர் இன்று நிற்கவே முடியாமல் சாய்வது என்று திடீரென வந்தால்தான் 108-ஐக் கூப்பிட வேண்டும். மூளைக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

வாயுவால் வருகிறது என்று பக்கத்து வீட்டார் சொன்னதை விடுங்கள். ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க முடியாதவர் சீக்கிரம் போய்ச் சேருவார் என்று போனில் வந்ததையும் விடுங்கள். 2022இல் வெளியான பிரேசில் ஆய்வு அது. நிற்க முடியாமல் போனவர்களிடம் சர்க்கரை நோய் போன்ற தொல்லைகள் ஏற்கெனவே அதிகம் இருந்தன. அதை வைத்து யாருக்கும் நாள் குறிக்க முடியாது.

எனக்குக் கவலை தந்தது, கடைசிப் பக்கத்தில் நீங்கள் வேடிக்கையாக எழுதிய வரி. ஒரு கால் செருப்பு வழியில் கழன்றுபோய், வீட்டு நடையில் ஏறும்போதுதான் கவனித்தீர்களாம். பன்னிரண்டு வருஷச் சர்க்கரை உங்களுக்கு. பாதம் மரத்துப்போயிருக்கிறது. உடம்பு நிலையாக நிற்க கண், உள்காது, பாதம் மூன்றும் மூளைக்குச் சேதி அனுப்ப வேண்டும். உங்கள் பாதம் சொல்வதை நிறுத்தியதால் கண்ணை நம்பி நிற்கிறீர்கள். கண்ணை மூடினாலோ இருட்டினாலோ அதுவும் போய்விடுகிறது. சித்திரை வெயிலில் கோயிலைச் சுற்றிவிட்டு, உள்ளங்காலில் கொப்புளத்தோடு வந்து "சுட்டதே தெரியல டாக்டர்" என்பவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். சிலருக்கு அது ஆறாத புண்ணாகி, விரலை எடுப்பதில் முடிந்திருக்கிறது.

ஆகவே இந்த வாரமே போய்ப் பாதத்தைக் காட்டுங்கள். நைலான் இழையால் தொட்டும், தட்டினால் அதிரும் கவையைக் கால் கட்டை விரலில் வைத்தும் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை. ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் சர்க்கரை மாத்திரையான மெட்பார்மின் போட்டால் அது குறையலாம். நீங்கள் சைவம் வேறு. சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடிய குறை அது. அதற்காக மெட்பார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நிறுத்த வேண்டியது, மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி நாலு மாதமாக விழுங்கும் தலைசுற்றல் மாத்திரையை. யார் எழுதிக் கொடுத்தார்கள் உங்களுக்கு? அதிலிருக்கும் சின்னாரிசின் என்ற மருந்து தூக்கத்தைத் தரும். வயதானவர்கள் மாதக்கணக்கில் போட்டால் கை நடுக்கமும் கால் இழுப்பும் வரலாம். தள்ளாட்டத்துக்கு மருந்து என்று தள்ளாட்டத்தையே வாங்கியிருக்கிறீர்கள்.

அப்புறம் பயிற்சி. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள். நாள் போகப் போக ஒரு விரல் மட்டும் கம்பியில் இருந்தால் போதும். சுவரோரமாக, ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல்நுனியைத் தொடும்படி நடந்து பழகுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும். கால் மரத்திருந்தாலும் தசைக்குப் பலம் ஏறும். உங்கள் மகனுக்கு நாற்பது என்றீர்களே, அவரும் சேர்ந்து செய்யட்டும்.

விழுந்துவிடுவோமோ என்று ஆற்றுக்குப் போவதையே விட்டுவிட்டீர்களாம். நடை குறைந்தால் கால் இன்னும் சொன்னபடி கேட்காது. போங்கள், துணைக்கு ஆளோடு. முங்க வேண்டாம், பாசி இல்லாத படியில் உட்கார்ந்து செம்பில் மொண்டு ஊற்றுங்கள். கரையேறியதும் பேரனை விட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.