மூலையில் மிட்டாயைக் கொட்டி வைத்தால் அதுவும் கலையா?

நீங்கள் சொல்வது சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்ற கலை அருங்காட்சியகத்தில் உள்ள படைப்பை என்று நினைக்கிறேன். "மூலையில் மிட்டாய்க் குவியல், அதற்கு ஒரு பெயர், இது ஏமாற்று வேலை இல்லையா?" என்பது உங்கள் கேள்வி.

நானும் அதைப் பார்த்திருக்கிறேன். வண்ண வண்ணக் காகிதம் சுற்றிய மிட்டாய்கள். காவலர் கண்ணெதிரிலேயே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. எடுப்பதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

செய்தவர் ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரஸ். 1957-இல் கியூபாவில் பிறந்து, பதின்வயதில் பெற்றோரைப் பிரிந்து ஸ்பெயினுக்கும் அங்கிருந்து புவெர்ட்டோ ரிக்கோவுக்கும் போய், 1979-இல் நியூயார்க் வந்தவர். ஒளிப்படம் படித்தார். தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்கவில்லை. ஆனால் 'லத்தீன் அமெரிக்கக் கலைஞர்' என்ற அலமாரியில் தன்னை அடுக்கி வைப்பது அவருக்கு அறவே பிடிக்காது.

அவருடைய துணைவர் ராஸ் லேகாக். 1991-இல் எய்ட்ஸில் இறந்தார். அதே ஆண்டு செய்ததுதான் இந்தக் குவியல். பெயர், 'தலைப்பில்லாதது: லாஸ் ஏஞ்சலஸில் ராஸின் உருவப்படம்'. குவியலின் உகந்த எடை 175 பவுண்டு, சுமார் 79 கிலோ. நலமாக இருக்கும் ஓர் ஆணின் எடை என்று வைத்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுக்க எடுக்க எடை குறைகிறது. நோய் ராஸை எப்படிக் கரைத்ததோ, அப்படி. ஆனால் குறைந்ததை மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். மிட்டாய்க்கு முடிவில்லை என்பதும் படைப்பின் விதியில் இருக்கிறது. இது தெரிந்தபின் வாயில் இருக்கும் மிட்டாயை என்ன செய்வது? எனக்கு விழுங்கவும் தயக்கம், துப்பவும் மனம் வரவில்லை.

படைப்பை விலைக்கு வாங்கியவரிடம் என்னதான் இருக்கிறது என்றும் கேட்கலாம். மிட்டாய் இல்லை, அது கடையில் கிடைக்கும். இந்தப் படைப்பைத் திரும்பத் திரும்ப உருவாக்கும் உரிமையைச் சொல்லும் ஒரு சான்றிதழ், அவ்வளவுதான்.

மிட்டாயோடு அவர் நிற்கவில்லை. சுவரில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் ஒரே மாதிரியான இரண்டு கடிகாரங்கள், ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்து மெல்லப் பிசகும். பல்புச் சரங்கள். பார்வையாளர் ஒரு தாளை உருவிக்கொண்டு போகும் காகித அடுக்குகள். அப்படி ஓர் அடுக்கில், 1989 மே மாதத்தில் ஒரே வாரத்தில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 460 பேரின் விவரம் இருக்கிறது. ஒரு மேடையில் நாளுக்கு ஒருமுறை, எப்போது என்று சொல்லாமல், வெள்ளி நிற அரைக்கால்சட்டையோடு ஒருவர் ஏறிக் கொஞ்ச நேரம் ஆடிவிட்டுப் போவார். 1992-இல் நியூயார்க்கில் 24 விளம்பரப் பலகைகளில் ஒரே கறுப்பு வெள்ளைப் படம்: இருவர் தூங்கி எழுந்த காலிக் கட்டில், தலையணைகளில் இரண்டு பள்ளம். எந்த எழுத்தும் இல்லை.

எதையும் வெளிப்படையாகச் சொல்லாத இந்த அடக்கத்தை நான் பயம் என்று சொல்ல மாட்டேன். அது எய்ட்ஸ் மரணங்களும், தன்பாலீர்ப்பு சார்ந்த கலைக்கு அரசுப் பணம் தரக்கூடாது என்ற செனட்டர்களின் கூச்சலும் உச்சத்தில் இருந்த காலம். நிர்வாணப் படம் இருந்தால் அதைக் காட்டிக் கத்தலாம். இரண்டு கடிகாரத்தைக் காட்டி என்ன சொல்லிக் கத்துவது? அவர் அதைத் தெரிந்தேதான் செய்தார், பேட்டிகளிலும் சொல்லியிருக்கிறார்.

1996 ஜனவரியில் அவரும் எய்ட்ஸில் இறந்தார், வயது 38. 2007-இல் வெனிஸ் பியன்னாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் அமெரிக்க அரங்கமே அவருடைய படைப்புகளுக்குக் கொடுக்கப்பட்டது.

இவ்வளவு பூடகமாகச் செய்ததற்கு ஒரு விலையும் உண்டு. 2022-இல் சிகாகோவில் அந்தக் குவியலுக்கு அருகே வைத்த குறிப்பில் ராஸுடனான உறவும் இல்லை, எய்ட்ஸும் இல்லை. எடை பற்றி மட்டும் பொதுவாக ஏதோ இருந்தது. பார்வையாளர்கள் சண்டைக்கு வந்த பிறகே திருத்தினார்கள். பார்ப்பவர் தன் சொந்த அர்த்தத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்று அவர் விரும்பினார், சரி. ஆனால் ராஸின் பெயரைப் படைப்பின் தலைப்பிலேயே எழுதி வைத்தவரும் அவர்தானே? அதை விட்டுவிட்டுக் குறிப்பு எழுதினால், நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் எல்லோரும் கேட்பார்கள்.